மலைக்குளிரில் இலையழகுச் சிறுசெடிகள்: ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுச் செடிகளைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை சென்னை, கோவை வீடுகளுக்குச் சொல்லப்பட்டவை. வெயில் படாத மூலையில் வை, மேல்மண் காய்ந்ததும் நீர் விடு, தினமும் இலையில் நீர் தெளி என்ற மூன்றும் சமவெளிக்குச் சரி. அதையே ஊட்டியிலோ கொடைக்கானலிலோ செய்தால் ஆடி மழைக்குள் பாதிச் செடிகள் வேரழுகும். மீதி மார்கழிப் பனியில் போய்விடும். மலையில் இந்தச் செடிகளைக் கொல்வது தண்ணீர்ப் பஞ்சம் அல்ல. குளிர்ந்த மண்ணில் தேங்கி நிற்கும் ஈரம்.

காரணம் எளிது. ஃபிட்டோனியா பெரு நாட்டுப் பக்கத்து மழைக்காட்டுத் தரையில் வளர்வது. மராண்டாவுக்குப் பூர்வீகம் பிரேசில், அக்லோனிமாவுக்குத் தென்கிழக்கு ஆசியா. இவற்றுக்கு 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் இதமான வெப்பம். வேர்ப்பகுதி 15 டிகிரிக்குக் கீழே போனால் வேர் நீர் உறிஞ்சுவது வெகுவாகக் குறைகிறது. நாம் ஊற்றிய நீர் தொட்டியிலேயே நிற்கிறது, மண்ணிடுக்கில் காற்று இல்லாமல் போகிறது, மூச்சுமுட்டிய வேரில் அழுகல் பூஞ்சை ஏறுகிறது. மேலே இலை வாடுகிறது. வாடுகிறதே என்று மறுபடி நீர் ஊற்றுகிறோம். புதிதாகத் தொடங்குபவர்களின் செடிகள் பெரும்பாலும் இந்தச் சுழற்சியில்தான் சாகின்றன.

எந்தச் செடி, எந்த வீட்டுக்கு

செடி வாங்குவதற்கு முன் ஒரு வெப்பமானி வாங்குங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தை நினைவில் வைத்துக் காட்டும் சிறிய டிஜிட்டல் வகை போதும். செடி வைக்கப்போகும் இடத்திலேயே வைத்து, டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு வாரம் இரவு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எங்கள் ஊர் குளிர்' என்ற பொதுக்கணக்கு உதவாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100, குன்னூர் சுமார் 1,850. கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். கூடலூர் வீட்டில் கவலையின்றி வளரும் கலாத்தியா ஊட்டியில் பள்ளமான இடத்து வீட்டில் நிற்காது. ஒரே ஊரிலும் மேட்டு வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும் பனி வேறு. குளிர்காற்று இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும்.

அறையின் இரவுக் குறைந்தபட்சம் 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் வட்ட இலை பைலியா (நர்சரியில் சைனீஸ் மணி பிளாண்ட் என்பார்கள்), ஸ்பைடர் பிளாண்ட், குட்டையான பார்லர் பாம், ரெக்ஸ் பிகோனியா ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வட்ட இலை பைலியா சீனாவின் யுன்னான் மலைப்பகுதியைச் சேர்ந்தது, ரெக்ஸ் பிகோனியாவின் மூலம் அசாம் பக்கத்து மலைக்காடு. இரண்டுக்கும் குளிர்ச்சியான ஈரக்காற்று பழக்கம். சமவெளியில் ரெக்ஸ் பிகோனியாவைக் கோடையில் காப்பாற்றவே படாத பாடு படுகிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அது கை அகல இலை விடும். மலையில் இருந்துகொண்டு அக்லோனிமாவுக்கு ஏங்குவதைவிட இதை நன்றாக வளர்ப்பது எவ்வளவோ மேல்.

குறைந்தபட்சம் 12, 13 டிகிரிக்குக் கீழே போகாத அறை என்றால் பெப்பரோமியா வகைகள், சிங்கோனியம், மணி பிளாண்ட், ஹானி எனப்படும் குட்டை ஸ்நேக் பிளாண்ட் எல்லாம் தாக்குப்பிடிக்கும், குளிர்காலத்தில் மண் உலர்வாக இருந்தால் மட்டும். ஃபிட்டோனியா, மராண்டா, கலாத்தியா, அக்லோனிமா நான்குக்கும் இரவில் 15 டிகிரிக்கு மேல் வேண்டும். அது இல்லாத வீட்டில் இவற்றுக்குக் கண்ணாடிப் பெட்டி தேவை; அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதல் செடி எதுவென்று கேட்டால் பெப்பரோமியா. 15 முதல் 25 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும், தடித்த இலையில் நீரைச் சேமிக்கும், நீர் விட மறந்தாலும் பொறுக்கும். பெப்பரோமியாவின் காட்டு உறவுகள் நம் மலைச் சோலைக்காடுகளிலேயே பாசி படர்ந்த மரத்தண்டில் தொற்றி வளர்கின்றன. அவற்றைப் பார்த்து ரசிப்பதோடு விட்டுவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து செடியோ பாசியோ எடுப்பது குற்றம். தவிர, மரத்தண்டை விட்டுப் பிரித்த செடி தொட்டியில் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

வாங்கும் காலம்

மார்ச் நடுவிலிருந்து மே வரை வாங்குவது நல்லது. தவறினால் செப்டம்பர். டிசம்பரில் மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ செடி வாங்கிக்கொண்டு மலையேறாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம். சில மணி நேரத்தில் செடிக்கு 12 டிகிரி இறங்கிவிடுகிறது. பசுமைக் குடிலில் வளர்ந்த மென்மையான இலை அந்த அதிர்ச்சியைத் தாங்காது.

வாங்கும்போது தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ உறுதியான வேர் தெரிந்தால் நல்லது. கறுத்து வழவழப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். இலைக்கணுவில் பஞ்சு போன்ற வெள்ளை மாவுப்பூச்சி இருக்கிறதா, இலையடியில் மெல்லிய வலை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு, மூன்று வாரம் தனியே வையுங்கள். அதுவரை தொட்டி மாற்றவும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

வெளிச்சம்

நம் மலைகள் ஏறக்குறைய 10, 11 டிகிரி வட அகலாங்கில் இருக்கின்றன. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னலுக்குள் வெயில் ஆழமாக விழும். ஜூனில் உச்சிக்குச் சற்று வடக்கே போவதால் தெற்கு ஜன்னலில் நேர்வெயிலே இருக்காது, வடக்கு ஜன்னலில் லேசாக விழும். ஆண்டு முழுவதும் மாறாமல் நன்மை தருவது கிழக்கு ஜன்னல். காலை ஒன்பது, ஒன்பதரை வரை விழும் வெயில் இந்தச் செடிகளுக்கு இதம். மலை வெயில் காற்றில் குளிர்ச்சி இருப்பதால் சுடாதது போலத் தோன்றும். ஆனால் பிப்ரவரி மதிய வெயில் ஃபிட்டோனியாவின் இலையை ஒரே நாளில் வெளுக்க வைக்கும். தெற்கு, மேற்கு ஜன்னல்களுக்கு மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள்.

செடி வைக்கும் இடத்தில், ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே ஓர் அடி உயரத்தில் உள்ளங்கையை நண்பகலில் நீட்டிப் பாருங்கள். விளிம்பு மங்கலான நிழல் விழுந்தால் வெளிச்சம் போதும். நிழலே தெரியவில்லை என்றால் போதாது. ஜூன் முதல் நவம்பர் வரை மேகம் வீட்டுக்குள்ளேயே நுழையும் நாட்களில் பல அறைகளில் இந்த நிழல் விழாது. அப்போது 9 அல்லது 12 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பைச் செடிக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு நாளுக்கு 12 மணி நேரம் எரிய விடுங்கள். விலை உயர்ந்த ஊதா விளக்குகள் தேவையில்லை.

மண் கலவையும் தொட்டியும்

தோட்டத்துச் செம்மண்ணைத் தொட்டியில் போடவே கூடாது. மலையில் அது குளிர்காலம் முழுக்கக் காயாமல் இறுகிக் கிடக்கும். கலவைக்கு அளவு இது: தென்னை நார்க்கழிவு 2 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, கடலைப் பருப்பளவில் உடைத்த அடுப்புக்கரி அரைப் பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் 3 முதல் 5 மி.மீ. சிறு ஜல்லியைச் சலித்து, தூசி போகக் கழுவிச் சேர்க்கலாம். ஸ்நேக் பிளாண்டுக்கு மட்டும் பெர்லைட் அல்லது ஜல்லி 2 பங்கு. 650 கிராம் நார்க்கழிவுக் கட்டி ஒன்று ஊறினால் 8 லிட்டருக்குக் குறையாமல் வரும். நாலங்குலத் தொட்டி பத்துக்கு மேல் நிரப்பலாம். ஊறிய நார்க்கழிவை இரண்டு, மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அலசாததில் உப்பு நிற்கும், இளவேரின் நுனி கருகும்.

தொட்டி விஷயத்தில் மலைக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. மண்தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் மண்ணும் குளிர்கிறது. சமவெளியில் அது வரம், இங்கே பாதகம். அடியில் நான்கைந்து துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியே மலைக்கு நல்லது. வேர்க்கட்டியை விட ஒரு விரற்கடைதான் அகலம் கூட இருக்க வேண்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

தொட்டி மாற்றும் முறை:

1. ஏப்ரல் அல்லது மே மாதத்தில், வெயில் அடிக்கும் நாளில், காலையில் தொடங்குங்கள். கலவையை முந்தின இரவே அறைக்குள் கொண்டுவந்து வையுங்கள். கொட்டகையில் கிடந்த கலவை வேருக்குக் குளிர் அதிர்ச்சி தரும்.
2. கலவையைக் கையில் இறுக்கினால் உருண்டு நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது.
3. செடியைக் கவிழ்த்துத் தொட்டியின் அடியைத் தட்டி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். நர்சரியில் வேரைச் சுற்றிப் பஞ்சோ வலையோ இருந்தால் அதை மெதுவாகப் பிரித்து எடுத்துவிடுங்கள். அது நடுவேரில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.
4. அடியில் கூழாங்கல் அடுக்க வேண்டாம். அதனால் வடிகால் கூடாது, ஈரமண் வேருக்கு இன்னும் அருகில் வரும். துளையை மூட ஒரு துண்டு வலை போதும்.
5. செடி முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்துச் சுற்றிலும் கலவையை நிரப்பி, தொட்டியை இரண்டு முறை தரையில் தட்டுங்கள். விரலால் அழுத்தாதீர்கள். பெப்பரோமியாவின் தண்டு புதைந்தால் அந்த இடத்திலேயே அழுகும்.
6. நாலங்குலத் தொட்டிக்கு 100 முதல் 150 மி.லி. வெதுவெதுப்பான நீர் விட்டு, வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். அடுத்த நீர் தொட்டி லேசான பிறகுதான்.

நீர் விடுதல்

நாட்காட்டி பார்த்து நீர் விடாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைத்த அன்று ஒருமுறை தூக்கிக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொண்டால், பிறகு எப்போது லேசாகிறது என்று தானே தெரியும். பழகும்வரை ஐஸ்குச்சி ஒன்றை அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். கீழ்ப்பாதி நிறம் மாறி ஈரமாக இருந்தால் இன்னும் வேண்டாம். மேல்மண் மட்டும் காய்ந்திருப்பதை நம்பக் கூடாது. மலையில் மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் இருப்பது வழக்கம்.

ஒரு கைக்கணக்குக்கு: நாலங்குலத் தொட்டிப் பெப்பரோமியாவுக்கு மார்ச் முதல் மே வரை ஐந்து, ஆறு நாளுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் பத்து முதல் பதினான்கு நாள், டிசம்பர், ஜனவரியில் இரண்டு வாரத்துக்கு மேலும் போகலாம். ஃபிட்டோனியாவும் மராண்டாவும் இவ்வளவு காயக் கூடாது. குச்சியின் மேல் மூன்றில் ஒரு பங்கு காய்ந்ததும் விடுங்கள். மழைக்காலமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே பிடிக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மழைதான் கனம். உங்கள் ஊரின் மழைக்கு ஏற்றபடி இந்த இடைவெளியை மாற்றிக்கொள்ளுங்கள்.

நீரின் சூட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. ஜனவரிக் காலையில் குழாய் நீர் கை விறைக்கும் குளிர்ச்சியில் வரும். அதை நாலங்குலத் தொட்டியில் ஊற்றினால் வேர் முழுதும் ஒரே நிமிடத்தில் குளிர்ந்துபோகும். கொஞ்சம் வெந்நீர் கலந்து, மணிக்கட்டில் விட்டால் சூடோ குளிரோ தெரியாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் விடுங்கள். மாலையில் விட்டால் இரவுக் குளிரில் ஈரம் அப்படியே நிற்கும்.

இலையில் நீர் தெளிப்பதை விட்டுவிடுங்கள். மழை மாதங்களில் காற்றே ஈரம்தான்; தெளித்த நீர் காயாமல் பூஞ்சையை வளர்க்கும். ஈரம் உண்மையில் குறைவது ஜனவரி முதல் மார்ச் வரை, தெளிவான வானமும் வறண்ட காற்றும் உள்ள பகல்களில். அப்போதும் தெளிப்பது சில நிமிடத்துக்கே உதவும். செடிகளை நெருக்கமாக ஒரே தட்டில் கூட்டி வையுங்கள். மராண்டா, ஃபிட்டோனியாவுக்குக் கண்ணாடிப் பெட்டியே நல்லது.

பனிக்காலம்

அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ நீர்ப்பனி விழத் தொடங்கியதும் தயாராகிவிட வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. மேகமே இல்லாத, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவுதான் ஆபத்தானது. அன்று தரையின் சூடு முழுவதும் மேலே போய்விடும்.

பகலில் வீட்டிலேயே நல்ல இடமாக இருந்த ஜன்னல் திட்டு இரவில் மிக மோசமான இடமாகிவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் செடிகளை ஜன்னலிலிருந்து இரண்டு, மூன்று அடி உள்ளே தள்ளி வையுங்கள். கண்ணாடியைத் தொட்ட இலை கட்டாயம் கெடும். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே செடியை விட்டுத் திரையை மூடுவது இன்னும் கெடுதல். சிமென்ட், கல் திட்டின் மேல் ஓர் அங்குலத் தெர்மோகோல் பலகையைப் போட்டு அதன்மேல் தொட்டியை வையுங்கள். தரையில் வைக்க வேண்டாம். குளிர்காற்று கீழேதான் தங்கும். இடுப்புயர அலமாரியும் ஃபிரிட்ஜின் மேற்பகுதியும் இரவுக்கு நல்ல இடங்கள்.

குளிரடிபட்ட அக்லோனிமாவை அடையாளம் காணத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று காலையில் ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று நாள் கழித்து இலையின் நடுவில் சாம்பல் படர்ந்த கரும்பச்சைத் திட்டு தோன்றும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய் பட்ட காகிதம் போல இருக்கும். பிறகு அது பழுப்பாகிக் காயும். இதை நோய் என்று நினைத்து மருந்து அடிப்பது வீண். நீரைக் குறைத்து, வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றி, இலை முழுவதும் காய்ந்த பிறகே வெட்டுங்கள்.

அறை ஹீட்டரின் காற்று படும் இடத்திலிருந்து ஐந்தடியாவது விலக்கி வையுங்கள். கரிக் கணப்பைச் செடிக்காகவோ மனிதருக்காகவோ மூடிய அறையில் இரவில் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைக் குடிக்கும்.

வெப்பப் பிரியச் செடிகளுக்கு முன்பு சொன்ன கண்ணாடிப் பெட்டியாகப் பழைய மீன்தொட்டி நல்ல வீடு. இரண்டடித் தொட்டியில் நான்கங்குலம் நீர் விட்டு, 25 வாட் மீன்தொட்டி ஹீட்டரைப் படுக்கை வாக்கில் முழுவதும் மூழ்க வைத்து 24 டிகிரிக்குத் திருப்புங்கள். படுக்கவைத்து மூழ்கவிடக்கூடிய வகைதானா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி செங்கல் துண்டுகளின் மேல் ஒரு கம்பி வலைத் தட்டு, அதன்மேல் செடிகள். மேலே கண்ணாடி மூடி, ஒரு விரல் இடைவெளி விட்டு. வெதுவெதுப்பான நீர் அடியிலிருந்து வேருக்குச் சூடும் காற்றுக்கு ஈரமும் தரும். நீர் ஆவியாகி ஹீட்டர் வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். ஆகவே நீர்மட்டத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். கையை உள்ளே விடும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். மின்சாரம் நின்ற இரவில் தொட்டியின் மேல் ஒரு கம்பளி போதும்.

என்ன கெடும், ஏன்

தண்டின் அடி கறுத்து, தொட்டால் குழைந்தால் அது அழுகல். செடியை எடுத்து வேரைக் கழுவி, கறுத்து வழுக்கும் வேரை எல்லாம் வெட்டிவிட்டு, முன்பைவிடச் சிறிய தொட்டியில் புதுக்கலவையில் நட்டு, ஒரு வாரம் நீர் விடாமல் வையுங்கள். அழுகல் தண்டில் ஏறிவிட்டால் வேரைக் காப்பாற்ற முடியாது. நல்ல நுனியை வெட்டி மறுபடி வேர்விடச் செய்வதே வழி.

மூடுபனி மாதங்களில் உதிர்ந்த இலைமேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்து நல்ல இலைக்கும் பரவும். உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். சிறிய மின்விசிறியைச் சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சுழல விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். ரெக்ஸ் பிகோனியாவில் வெள்ளைப்பொடி தூவியது போல வருவது சாம்பல் நோய். அந்த இலைகளை நீக்கிவிட்டு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துத் தெளியுங்கள்.

பெப்பரோமியாவின் இலையடியில் தக்கை போன்ற சிறு கொப்புளங்கள் வந்தால் அது பூச்சியல்ல. குளிர்ந்த, வெளிச்சம் குறைந்த நாளில் வேர் குடித்த நீரை இலையால் வெளியேற்ற முடியாமல் திசு வெடித்த தழும்பு. நீரைக் குறைத்தால் புதிய இலை சுத்தமாக வரும்.

மண்ணின் மேல் பறக்கும் சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் ஈரம் மிஞ்சியதற்கு அடையாளம். மேல் ஒரு செ.மீ. கரடுமுரடான மணல் பரப்பி, பூச்சி ஒட்டும் மஞ்சள் பசை அட்டை ஒன்றைச் செருகிவிடுங்கள். மாவுப்பூச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரும் சிவப்புச் சிலந்திக்கு (இலையடியில் மெல்லிய வலை பின்னும் நுண்பூச்சி) இலையடியை வெதுவெதுப்பான நீரில் கழுவுவதே முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சில துளி திரவ சோப்புடன். குளிரில் வேப்பெண்ணெய் உறைந்திருக்கும். பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கிய பிறகே கலக்குங்கள். இல்லாவிட்டால் கட்டி கட்டியாக மிதந்து இலையில் அடைத்துக்கொள்ளும்.

உரம்

மார்ச் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை, 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) நீரில் கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எதுவும் வேண்டாம். குளிர்ந்த மண்ணில் யூரியா, அம்மோனிய உரங்களை மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடுவதால் அவை தேங்கி வேரைக் கெடுக்கும்.

புதுச்செடி எடுத்தல்

ஏப்ரல், மே மாதங்களே இதற்கு ஏற்றவை. பெப்பரோமியாவில் முற்றிய இலையை 2 செ.மீ. காம்போடு வெட்டி, வெட்டுவாய் ஒரு மணி நேரம் உலர்ந்ததும் ஈரமான நார்க்கழிவும் பெர்லைட்டும் சரிபாதி கலந்ததில் காம்பு மட்டும் புதையும்படி செருகுங்கள். சமவெளியில் ஒரு மாதத்தில் வரும் குருத்துக்கு இங்கே இரண்டு மாதம்கூட ஆகலாம். இலை உறுதியாக இருக்கும்வரை பிடுங்கிப் பார்க்காதீர்கள். விளிம்பில் மஞ்சளோ வெள்ளையோ ஓடும் வகைகளில் இலையிலிருந்து வரும் குட்டி வெறும் பச்சையாகவே வரும். நிறம் வேண்டுமானால் தண்டு நுனியை வெட்டி நடுங்கள். மஞ்சள் விளிம்பு ஹானி ஸ்நேக் பிளாண்டிலும் அப்படித்தான். பக்கக் கன்றைப் பிரித்து நட வேண்டும். சிங்கோனியத்தில் கணு ஒன்று நீருக்குள் இருக்கும்படி கண்ணாடிக் குவளையில் வைத்தால் போதும். ரெக்ஸ் பிகோனியாவின் இலையைப் புரட்டி, தடித்த நரம்புகளை நாலைந்து இடத்தில் பிளேடால் கீறி, ஈரக்கலவைமேல் படிய வைத்து, சிறு கற்களால் அமுக்கிக் கண்ணாடியால் மூடிவிடுங்கள். கீறிய இடம் ஒவ்வொன்றிலும் குட்டி கிளம்பும்.

குழந்தையோ பூனையோ உள்ள வீடானால் அக்லோனிமா, சிங்கோனியம், மணி பிளாண்ட் மூன்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். அவற்றின் சாற்றிலுள்ள ஆக்சலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் எரிய வைக்கும். ரெக்ஸ் பிகோனியாவையும் பூனை கடிக்க விடக் கூடாது. பெப்பரோமியா, பைலியா, ஃபிட்டோனியா, மராண்டா, ஸ்பைடர் பிளாண்ட் ஆகியவற்றில் அந்தத் தொல்லை இல்லை.